பன்றியின் இருமலை நிறுத்த ஒரு வாய் மருந்து!

உயிருள்ள கிருமியைக் கொண்டே நோயைத் தடுக்கும் விந்தை

பன்றி இருமுமா?

இருமும். நன்றாகவே இருமும். கொட்டிலில் ஒரு பன்றி இருமத் தொடங்கினால் போதும். சில வாரங்களில் கொட்டில் முழுவதும் இருமல் சத்தம் கேட்கும். படுத்திருக்கும் பன்றிகளை எழுப்பி விரட்டினால் இருமல் இன்னும் அதிகமாகும். சளி வராது. வறட்டு இருமல்தான். அது வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் நீடிக்கும்.

இந்த நோய் கண்ட பன்றி பெரும்பாலும் சாவதில்லை. ஆனால் சரியாக வளர்வதும் இல்லை. தின்ற தீனிக்கு ஏற்ற எடை போடாது. சந்தைக்குப் போகவேண்டிய நாள் தள்ளிப்போகும். கடன் வாங்கிப் பண்ணை வைத்தவனுக்கு வட்டி ஏறும். தீனிச் செலவும் ஏறும். சாகாத நோயே பணத்தைத் தின்றுவிடும்!

உலகில் உள்ள பன்றிகளில் ஏறத்தாழப் பாதி சீனாவில் இருக்கின்றன. அமெரிக்கா, ஜெர்மனி, டென்மார்க், ஜப்பான் முதலிய நாடுகளிலும் பன்றி வளர்ப்பு பெரிய தொழில். இந்த நாடுகள் எல்லாவற்றையும் இருமல் நோய் வாட்டுகிறது. இதைத் தடுக்க ஊசி மருந்து உண்டு. ஆனால் ஊசி இல்லாமல், வாய் வழியாகவே கொடுக்கக்கூடிய மருந்தைத் தேடி விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள். அந்த முயற்சியின் கதைதான் இது.

சுவர் இல்லாத கிருமி

இந்த இருமலுக்குக் காரணமான கிருமியின் பெயர் மைக்கோபிளாஸ்மா. 1965-ம் ஆண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள்.

இது மிகச் சிறிய கிருமி. மற்றப் பாக்டீரியாக் கிருமிகளுக்கு உடலைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. இதற்கு அந்தச் சுவர் இல்லை. பென்சிலின் மருந்து கிருமியின் சுவரைத்தான் தாக்கும். சுவரே இல்லாத கிருமியைப் பென்சிலின் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது!

பன்றியின் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மிக நுண்ணிய முடிகள் இருக்கின்றன. வயலில் நெற்பயிர் அசைவதுபோல அவை ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். மூச்சோடு உள்ளே வரும் தூசியையும் கிருமிகளையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. அவை உடம்பின் துடைப்பம்.

மைக்கோபிளாஸ்மா அந்த முடிகளைப் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொள்வதற்கு அதன் உடலில் ஒரு பசை போன்ற புரதம் இருக்கிறது. அதற்கு விஞ்ஞானிகள் ‘பி-97’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கிருமி பற்றிக்கொண்டதும் முடிகள் அசைவை இழக்கின்றன, பிறகு உதிர்ந்துவிடுகின்றன. துடைப்பம் போன வீட்டில் குப்பை சேராதா? வேறு பல கொடிய கிருமிகள் எளிதாக நுரையீரலுக்குள் நுழைகின்றன. அப்போதுதான் பன்றி சாகும் ஆபத்து வருகிறது.

ஊசியில் என்ன குறை?

கொன்ற கிருமியைக் கொண்டு செய்த ஊசி மருந்து இப்போது பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அது நல்ல மருந்துதான். நுரையீரலில் ஏற்படும் புண் குறைகிறது. பன்றி நன்றாக எடை போடுகிறது.

ஆனால் மூச்சுக்குழாயில் கிருமி குடியேறுவதை அந்த ஊசி முழுவதும் தடுப்பதில்லை. ஊசி போட்ட பன்றிக்கு நோய் கடுமையாக வராது. என்றாலும் அது கிருமியைச் சுமந்து பக்கத்துப் பன்றிக்குக் கொடுக்கலாம்.

வேறு தொல்லைகளும் உண்டு. ஆயிரம் குட்டிகள் இருந்தால் ஆயிரம் குட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிடிக்கவேண்டும். குட்டி கத்தும், துள்ளும், மிரளும். ஊசி முனை ஒடிந்து இறைச்சிக்குள் தங்கிவிடுவதும் உண்டு. ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குப் பயன்படுத்தினால் ஒன்றின் நோய் மற்றொன்றுக்குப் போகும்.

ஊசி போதாது என்று எண்ணும் பண்ணைக்காரர் என்ன செய்கிறார்? தீனியிலே கிருமிக்கொல்லி மருந்தைக் கலக்கிறார். இதில்தான் மனிதனுக்கும் ஆபத்து இருக்கிறது. மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள் பெருகுகின்றன. நாளைக்கு மனிதனுக்கு அதே வகை மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம். பன்றிக் கொட்டிலில் வீணாகும் மருந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கு உதவாமல் போகக்கூடும். ஆகவே, இது பன்றி வளர்ப்பவர்களின் கவலை மட்டும் அல்ல.

வயிற்றில் போட்டால் நுரையீரலுக்கு எட்டுமா?

வாயில் கொடுக்கும் மருந்து வயிற்றுக்குத்தானே போகும்? இருமலோ நுரையீரலில் இருக்கிறது. அது எப்படிப் பலன் தரும்? இப்படிக் கேட்பது நியாயமே.

மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், குடல் இவை எல்லாவற்றின் உட்புறத்திலும் ஈரமான மெல்லிய சவ்வு இருக்கிறது. இந்தச் சவ்வுகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. குடலில் ஒரு கிருமியைச் சந்தித்துப் பழகிய காவல் அணுக்கள் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அவற்றில் சில இரத்தத்தில் ஏறிப் பயணம் செய்து மூச்சுக்குழாயின் சவ்விலும் போய் அமர்கின்றன. ஒரு வாசலில் திருடனை அடையாளம் கண்ட காவற்காரன் மற்ற வாசல்களுக்கும் சேதி சொல்வதுபோல!

மனிதர்களிடமே இது கண்கூடாகத் தெரிந்தது. அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேரும் சிப்பாய்கள் ‘அடினோ’ என்ற வைரஸ் கிருமியால் காய்ச்சலும் இருமலும் கண்டு படுத்தார்கள். 1971-ம் ஆண்டு முதல் அவர்களுக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. மாத்திரைக்குள் இருந்தது உயிருள்ள அந்தக் கிருமியேதான்!

மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு இருந்தது. அது இரைப்பையில் கரையாது; குடலுக்குப் போன பிறகே கரையும். நுரையீரலில் நோய் தரும் கிருமி, குடலில் இறங்கியபோது நோய் தரவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியைத் தந்தது. பாசறைகளில் இருமல் அடங்கியது.

1996-ம் ஆண்டில் அந்த மாத்திரையைத் தயாரிப்பது நிறுத்தப்பட்டது. 1999-ல் கையிருப்பும் தீர்ந்தது. என்ன ஆயிற்று? பாசறைகளில் காய்ச்சல் திரும்பி வந்தது. 2011-ல் மீண்டும் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். நோய் மறுபடியும் குறைந்தது. வாயில் போட்ட மருந்து நுரையீரலைக் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாஸ்டர் காட்டிய வழி

உயிருள்ள கிருமியைக் கொண்டு பன்றி நோயைத் தடுக்கும் முயற்சி புதியது அல்ல. அதற்கு நூற்று நாற்பது ஆண்டு வயது ஆகிறது.

1882-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் பன்றிகள் ஒரு கொடிய நோயால் மடிந்தன. தோலில் சிவந்த தடிப்புகள் கிளம்பும். கடும் காய்ச்சல் அடிக்கும். சில நாட்களில் பன்றி விழுந்து சாகும். பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சிவப்பு நோய் என்று அழைத்தார்கள். டாக்டர்கள் இதற்கு எரிசிப்பலஸ் என்று பெயர் சொல்வார்கள்.

பேரறிஞர் லூயி பாஸ்டரும் அவருடைய இளம் உதவியாளர் லூயி துய்யேயும் இந்த நோயை ஆராய்ந்தார்கள். தென் பிரான்சில் உள்ள பொலேன் என்ற ஊருக்கே போய்ப் பன்றிக் கொட்டில்களைப் பார்வையிட்டார்கள்.

அவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நோய்க் கிருமியை ஒரு புறாவிலிருந்து இன்னொரு புறாவுக்கு, அதிலிருந்து வேறொரு புறாவுக்கு என்று மாற்றிக்கொண்டே போனால், கிருமி பன்றிக்கு இன்னும் கொடியதாகிறது. அதையே முயலிலிருந்து முயலுக்கு மாற்றிக்கொண்டே போனால், முயலுக்குக் கொடியதாகிறது, பன்றிக்கோ சாதுவாகிவிடுகிறது!

அப்படிச் சாதுவான கிருமியைப் பன்றிக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். பன்றிக்கு லேசான நோய் வந்து போயிற்று. பிறகு கொடிய கிருமியும் அதை ஒன்றும் செய்யவில்லை. 1883-ம் ஆண்டில் பாஸ்டர் இந்த முறையை உலகுக்கு அறிவித்தார்.

அதே ஆண்டில் துய்யே காலரா நோயை ஆராய எகிப்துக்குப் போனார். அலெக்ஸாண்டிரியா நகரில் காலராவே அவரைப் பலி கொண்டது. அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அதே ஊரில் போட்டி ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்த ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக், அவருடைய சவ அடக்கத்துக்கு வந்து மரியாதை செலுத்தினார்.

துய்யே பிடித்துத் தந்த அந்தச் சிவப்பு நோய்க் கிருமி பிறகு என்ன ஆயிற்று? அதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி.

எதிரியே தூதனாக!

சிவப்பு நோய் ஜப்பானிலும் பன்றிகளை வாட்டியது. அங்கே விஞ்ஞானிகள் வேறு வழியில் கிருமியைச் சாதுவாக்கினார்கள். அக்ரிஃப்ளேவின் என்ற சாயப் பொருளைக் கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்த்தார்கள். அதிலிருந்து எடுத்து மறுபடியும் வளர்த்தார்கள். இப்படி 65 தடவை! கலந்த சாயத்தின் அளவு 0.15 சதவிகிதம். ஆகவே அந்தக் கிருமிக்குக் கோகனெய் 65-0.15 என்றே பெயர் வந்துவிட்டது. 1974-ம் ஆண்டு முதல் ஜப்பானில் அது தடுப்பு மருந்தாகப் பயன்பட்டது.

இந்தச் சாதுவான கிருமிக்கு ஒரு குணம் உண்டு. பன்றியின் வாயில் கொடுத்தால் தொண்டையில் உள்ள டான்சில் சதையில் தங்கிப் பெருகும். டான்சில் என்பது தொண்டை வாசலில் உள்ள காவற்கூடம். உடம்பின் காவல் அணுக்கள் கூடும் இடம் அது.

ஜப்பானில் தேசியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த யோஷிஹிரோ ஷிமோஜியும் அவருடைய தோழர்களும் இதைக் கவனித்தார்கள். அவர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது.

“இந்தக் கிருமி எப்படியும் டான்சிலுக்குப் போகப்போகிறது. போகும்போது இருமல் கிருமியின் அடையாளத்தையும் சுமந்து போனால் என்ன?”

இருமல் கிருமி மூச்சுக்குழாயைப் பற்றிக்கொள்ள உதவும் பி-97 என்ற பசைப் புரதம் நினைவிருக்கிறதா? அந்தப் புரதத்தின் ஒரு பகுதியைச் செய்வதற்கான மரபணுவை எடுத்துச் சிவப்பு நோயின் சாதுக் கிருமிக்குள் வைத்தார்கள். இப்போது அந்தக் கிருமி தன் உடலின் மேற்புறத்தில் அந்தப் புரதத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தது. வெளியூர்த் திருடனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளூர்க்காரன் ஒருவன் காவற்கூடத்துக்குள் போவதுபோல!

முதலில் வேறொரு சாதுக் கிருமியைத் தூதனாக வைத்து, பன்றிகளின் மூக்கு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2002-ம் ஆண்டு முதல் வெளிவந்தன. பிறகு கோகனெய் கிருமியைத் தூதனாக்கி வாய் வழியாகக் கொடுத்தார்கள். 2009-ம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. வாய் மருந்து பெற்ற பன்றிகளுக்கு இருமல் கிருமியைக் கொடுத்தபோது, அவற்றின் நுரையீரலில் புண் குறைவாகவே இருந்தது. ஒரே மருந்தில் இரண்டு நோய்களுக்குத் தடுப்பு!

ஆஸ்திரேலியாவில் வேறொரு முயற்சி நடந்தது. அங்கே தூதனாக எடுத்துக்கொண்டது வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மனெல்லா கிருமியை. அது தனக்கு வேண்டிய ஒருவகைச் சத்தைத் தானே செய்துகொள்ள முடியாதபடி ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டார்கள். பன்றியின் உடலுக்குள் அந்தச் சத்து போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆகவே அது சில நாள் உயிரோடிருந்து, தன் சேதியைச் சொல்லிவிட்டு மடிந்துவிடும். 2001-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், வாயில் மருந்து பெற்ற பன்றிகளின் மூச்சுப் பாதையிலே எதிர்ப்புப் பொருள் தயாராவது தெரிந்தது.

சீனாவில் தூதன் யாரும் இல்லாமல், இருமல் கிருமியையே சாதுவாக்கினார்கள். 1974-ல் ஒரு நோயுற்ற பன்றியிடமிருந்து எடுத்த கிருமி அது. நூற்றுக்கணக்கான தடவை வளர்த்து வளர்த்து அதன் கொடுமையைப் போக்கினார்கள். மருந்து பலித்தது. ஆனால் அதைக் கொடுக்கும் முறைதான் கடினம். பன்றியின் மார்பில் ஊசியைக் குத்தி நேராக நுரையீரலுக்குள்ளேயே செலுத்தவேண்டும்! வாய் மருந்தின் அருமை இதிலிருந்தே விளங்கும்.

சாதுவா, சண்டியா?

இவ்வளவு நல்ல வழி இருக்கும்போது ஏன் எல்லாப் பண்ணைகளும் இதைக் கையாளவில்லை? ஏனென்றால், உயிருள்ள மருந்து இருபுறமும் கூரான கத்தி.

கிருமியை அதிகமாகச் சாதுவாக்கிவிட்டால் அது டான்சிலில் தங்காது. உடம்பும் அதைப் பொருட்படுத்தாது. குறைவாகச் சாதுவாக்கினால் அதுவே நோயைக் கொடுத்துவிடும். சரியான இடத்தில் நிறுத்துவதுதான் வித்தை.

இந்தக் கவலை வெறும் கற்பனை அல்ல. ஜப்பானில் சிவப்பு நோயால் பாதிக்கப்பட்ட பன்றிகளிலிருந்து 800 கிருமி வகைகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2004-ல் முடிவு வெளியாயிற்று. மூட்டு வீக்கம் முதலிய நாட்பட்ட நோய் கண்ட பன்றிகள் சிலவற்றில் இருந்த கிருமி, தடுப்பு மருந்துக் கிருமியைப் போலவே இருந்தது! காவலுக்கு வைத்தவனே சில வீடுகளில் கைவரிசை காட்டினானோ என்ற சந்தேகம் எழுந்தது. சிவப்பு நோய்க் கிருமி இறைச்சி வெட்டுபவர்களின் கைப் புண் வழியாக மனிதனையும் தாக்கக்கூடியது. ஆகவே எச்சரிக்கை இரண்டு மடங்கு தேவை.

அதிர்ஷ்டத்தால் சாதுவான கிருமியை நம்பாமல், இன்ன மரபணுவை நீக்கினால் இன்ன குணம் போகும் என்று தெரிந்து நீக்குவதே நல்லது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நீக்கிய மரபணு எளிதில் திரும்பி வராது.

சீம்பாலும் குளோரினும்

வேறு இடையூறுகளும் உண்டு.

பன்றிக் குட்டி பிறக்கும்போது அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பதில்லை. தாயின் சீம்பாலிலிருந்துதான் அதைப் பெறுகிறது. சீம்பால் குட்டிக்கு அமுதம். ஆனால் அதே சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள், வாயில் கொடுக்கும் மருந்துக் கிருமியையும் எதிரி என்று எண்ணி அடக்கிவிடலாம். ஆகவே மருந்து கொடுக்கும் வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

தீனியில் கிருமிக்கொல்லி மருந்து கலந்திருந்தால் தடுப்பு மருந்தும் செத்துவிடும். மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் அதை நிறுத்திவைக்கவேண்டும். தண்ணீரில் உள்ள குளோரினும் கிருமியைக் கொல்லும். அதைத் தணிக்கக் கொழுப்பு நீக்கிய பால் பொடியைத் தண்ணீரில் கலப்பது வழக்கம்.

எல்லாக் குட்டிகளும் ஒரே அளவு குடிக்குமா என்பது இன்னொரு கேள்வி. ஜெர்மனியில் 1993-ம் ஆண்டு முதல் காட்டுப் பன்றிகளுக்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பு மருந்தைத் தீனிக்குள் வைத்துக் காடுகளில் போட்டார்கள். அது இருமல் நோய் அல்ல. ஆனால் மருந்து உயிருள்ள வாய் மருந்துதான். சோளத்தில் செய்த தீனிக்குள் சிறு குப்பி, அதற்குள் மருந்து. பெரிய பன்றிகள் ஆவலோடு தின்றன. இளங்குட்டிகளுக்குத்தான் போதுமான அளவு கிடைக்கவில்லை. மருந்து அதிகம் தேவைப்பட்டதோ அந்தக் குட்டிகளுக்கு!

ஆனாலும், வாய் மருந்து நடக்காத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது. பாஸ்டரும் துய்யேயும் போராடிய சிவப்பு நோய்க்கே, குடிநீரில் கலந்து கொடுக்கும் உயிருள்ள மருந்து அமெரிக்காவில் உரிமம் பெற்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பன்றிக் குட்டி தண்ணீர் குடிக்கிறது, காவலும் கிடைத்துவிடுகிறது.

இருமல் நோய்க்குப் பண்ணைகளில் இன்றும் பெரும்பாலும் ஊசிதான் போடுகிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் சில பன்றிகளிடம் பலித்த வாய் மருந்து, ஆயிரம் பன்றிகள் உள்ள கொட்டிலிலும் பலிக்கவேண்டும். பல தலைமுறை ஆனாலும் சாதுக் கிருமி சாதுவாகவே இருக்கவேண்டும். விலையும் சிறிய பண்ணைக்காரரின் கைக்கு எட்டவேண்டும். இந்த மூன்றும் நிறைவேறினால் பண்ணைக்காரருக்கு வட்டி மிஞ்சும். குட்டிக்கு ஊசி வலி மிஞ்சும். தீனியில் கொட்டும் கிருமிக்கொல்லி மருந்தும் குறையும். அந்த மருந்து நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படும்போது வேலை செய்யும்!